வாசகர் கேள்வி – பதில்: ரங்கூன் பாட்டியும் இந்தியப் பேத்தியும்

கேள்வி: எனக்கு 22 வயது. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்து, இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பாட்டி 1964-இல், பதினெட்டு வயதில், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். இன்றைக்கும் அவர் "எங்க ஊர்ல" என்று பேச்செடுத்தால் அது ரங்கூன்தான். 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய செய்தியைப் பார்த்து அவர் அழுதபோது, "அது நம்ம நாடு இல்லம்மா, நமக்கு எதுக்கு அந்தக் கவலை?" என்று அப்பா கடிந்துகொண்டார். குடியரசு நாள் அணிவகுப்பைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பாட்டி பர்மியப் பாட்டை முணுமுணுத்தால் கண் கலங்குகிறது. பாட்டியின் ஊரை என் ஊராக நினைப்பது நாட்டுப்பற்றுக்குக் குறைவாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: ஆகாது. பிறந்து, தவழ்ந்து, தோழிகளோடு ஓடித் திரிந்த தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்றால் ஒரு மூதாட்டி அழத்தான் செய்வார். அந்தக் கண்ணீரால் இந்தியாவுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

உங்கள் முன்னோர் கடல் கடந்த காலத்தில் ரங்கூன் வேற்று நாடாகவே இருக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1937 ஏப்ரல் 1-ஆம் நாள் தனியே பிரிக்கப்படும்வரை பர்மா (இன்றைய மியான்மர்), பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். பர்மா என்றதும் செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஐராவதிப் படுகையின் நெல் வயல்களிலும் ரங்கூன் துறைமுகத்திலும் மூட்டை சுமந்து முதுகொடிந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு, 1964-இல் கடைகளை நாட்டுடைமையாக்கி, அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தபோது, தலைமுறைகளாகச் சேர்த்தவை கைவிட்டுப் போக, ஏராளமான குடும்பங்கள் கப்பலேறின. உங்கள் பாட்டி அவர்களில் ஒருவர்.

உங்கள் அப்பாவிடம் இதை வாதிட்டு வெல்ல முயலாதீர்கள். வந்தவர்களுக்கு வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியிருப்புகள் அமைந்தன. 1969-இல் இராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் உருவாயிற்று. அரசுத் தாள்களில் அவர்கள் "தாயகம் திரும்பியோர்". தெருவிலும் பள்ளியிலும் "பர்மா அகதி". அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாங்கள் இந்த மண்ணுக்குரியவர்கள் என்று அழுத்திச் சொல்லியே பழகியிருப்பான். அம்மாவை அவர் கடிந்துகொண்டதில் வெறுப்பைவிடப் பழைய அச்சமே மிகுதி என்று நினைக்கிறேன். ஒரு மாலை வேளையில், அவருடைய பள்ளி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டுப் பாருங்கள்.

நம் அரசமைப்பின் 8-ஆம் உறுப்பை அவருக்குப் படித்துக் காட்டலாம். தாமோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவரும் அங்குள்ள இந்தியத் தூதரகப் பிரதிநிதியிடம் பதிவு செய்துகொண்டு இந்தியக் குடிமகனாகலாம் என்று அது வகை செய்தது. கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூட நினைவில் வைத்து எழுதிய சட்டம் அது. அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51அ உறுப்போ, நமது கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணச் சொல்கிறது. பாட்டியின் ஊரை மறந்துவிடு என்று இரண்டில் எதுவும் கேட்கவில்லை.

பாரிமுனைப் பக்கம் போனால் மாலையில் அத்தோ கடை ஒன்றின் முன் சற்று நில்லுங்கள். மஞ்சள் நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளிக்கரைசல் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவி, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். துறைமுகத் தொழிலாளியும் நீதிமன்றக் குமாஸ்தாவும் தோள் உரச நின்று சாப்பிடுகிறார்கள். அது இன்று சென்னையின் உணவு. அதைக் கொண்டுவந்தவர்கள் உங்கள் வீட்டாரைப் போன்றவர்கள்.

அலுவலகத்தில் யாராவது சொந்த ஊர் கேட்டால், "வியாசர்பாடி, பாட்டிக்கு ரங்கூன்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் 1964-இல் பர்மாவிலிருந்து வந்தவன். பேரப்பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிவிட்டுப் போவது?
– ஒரு முதியவர், இராயபுரம்

பதில்: பெரிய வரலாற்றை அவர்கள் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம், உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை முதலில் சொல்லுங்கள், ஐயா. வந்த கப்பலின் பெயர், குடியிருந்த தெரு, அங்கேயே தங்கிவிட்ட உறவினர்கள், உங்கள் குடும்பம் முதலில் புறப்பட்டுப் போன தமிழ்நாட்டுக் கிராமம் ஆகியவற்றைப் பேத்தியின் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில், அவற்றில் இருப்பவர் யார் யார் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.