நடுவுல ஒரு நம்பர் காணோம், எங்கேர்ந்து தேடறது?

கேள்வி: 3, 7, 16, 35, ?, 153. விட்டுப்போன நம்பர் 74னு விடையில போட்டிருக்கு, அரைமணி நேரமா மண்டையை ஒடைச்சுக்கிட்டும் எப்படி வந்துச்சுன்னு புரியல. இந்த மாதிரி கணக்கை எக்ஸாம்ல சீக்கிரமா போட வழி இருக்கா?

பதில்: மொதல்ல சீரிஸ் எவ்ளோ வேகமா ஏறுதுன்னு மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். உங்களோடதுல ஒவ்வொரு நம்பரும் முந்தினதுக்கு ரெண்டு மடங்கை விட கொஞ்சம் ஜாஸ்தி, 3க்கு ரெண்டு மடங்கு 6 ஆனா இருக்கறது 7, 7க்கு 14 ஆனா இருக்கறது 16, 16க்கு 32 ஆனா இருக்கறது 35, அப்போ கூடுதலா வர்றது 1, 2, 3னு ஏறுது இல்லையா, அடுத்தது 70 கூட 4, அதான் 74. செக் பண்ணணும்னா 74க்கு ரெண்டு மடங்கு 148, கூட 5, 153. கரெக்டா உக்காந்துருச்சு.

மடங்கு கண்ணுல படலையா, பக்கத்து பக்கத்து நம்பரைக் கழிச்சு கீழ எழுதுங்க: 4, 9, 19. அதையும் கழிச்சா 5, 10. இங்கதான் நெறைய பேர் சறுக்குவாங்க, 5, 10 பார்த்ததும் அடுத்தது 15னு கை தானா எழுதிடும். எழுதிப் பாருங்க, 19 + 15 = 34, விடை 69 வரும், ஆனா அப்படியே இன்னொரு படி போனா கடைசி நம்பர் 123ல நிக்கும், 153 வராது. 5, 10, 20, 40னு டபுள் ஆகுதுன்னு எடுத்தா 39, 79 கெடைச்சு 74, 153 ரெண்டும் சரியா வரும். நடுவுல நம்பரை மறைச்சு கேட்டா நமக்கு லாபம்தாங்க, கேள்விக்குறிக்கு அந்தப்பக்கம் இருக்கற நம்பரே நம்ம விடையை திருத்திடும், அதை யூஸ் பண்ணாம விட்டுடாதீங்க.

5, 40, 8, 35, 11, 30, ?, 25 மாதிரி ஏறி எறங்கி ஆடுச்சுன்னா ரெண்டு சீரிஸை ஒண்ணு விட்டு ஒண்ணு கோத்திருக்காங்க, தனித்தனியா பிரிச்சா 14. 0, 7, 26, 63 மாதிரி வந்தா கழிச்சிட்டே உக்காராதீங்க, 1, 8, 27, 64ல ஒண்ணு கொறைச்சது அது, அதுக்காகத்தான் 10 வரைக்கும் க்யூபும் 30 வரைக்கும் ஸ்கொயரும் மனப்பாடமா இருக்கணும்னு சொல்றது. வித்தியாசம் 1, 2, 2, 4, 2னு ஒழுங்கே இல்லாம வந்தா பகா எண்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

ஒண்ணு சொல்லணும், ஒரு சீரிஸுக்கு ஒரே விடைதான்னு கணக்குல சட்டம் கெடையாது. வட்டத்து கோட்டு மேல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு புள்ளியைக் கூட்டிக்கிட்டே போய், ஒவ்வொரு தடவையும் எல்லாப் புள்ளியையும் கோடு போட்டு சேர்த்தா, உள்ள மூணு கோடு ஒரே எடத்துல வெட்டிக்காம பார்த்துக்கிட்டா, 1, 2, 4, 8, 16னு துண்டு கெடைக்கும், ஆறாவது புள்ளிக்கு எல்லாரும் 32ன்னுதான் சொல்வாங்க, எண்ணிப் பார்த்தா 31தான் இருக்கும். எக்ஸாம்ல அவ்ளோ ஆழமா போக மாட்டாங்க, வெறும் 1, 2, 4, 8, 16, ?னு கேட்டு ஆப்ஷன்ல 32 இருந்தா அதையே டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்கு போங்க.