ராவின பல் திரும்ப வளராது: சேலம் பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

சேலத்துக்காரங்களும் ஏற்காட்டுக்காரங்களும் பல்லைப் பத்திக் கேட்ட கேள்விகளுக்கு இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பதில் எழுதறேன். போட்டோவை அனுப்பி மாத்திரை பேர் மட்டும் கேட்காதீங்க. வாயைப் பார்க்காம நான் மருந்து சொல்றதில்லை.

அழகாபுரம்: மேடம், வைகாசியில எனக்குக் கல்யாணம். முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு. ஒரு இடத்துல 6 பல்லுக்கு கேப் போட்டா ஒரே வாரத்துல சிரிப்பே மாறிடும்னு சொல்றாங்க. போட்டுக்கலாமா?

வேண்டாம்மா. சந்து இருக்கறது ரெண்டு பல்லுக்கு நடுவுல. அதுக்காக சொத்தையே இல்லாத ஆறு பல்லை எதுக்கு ராவணும்? கேப் போடணும்னா பல்லைச் சுத்தி 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைக்கும் ராவியாகணும். வெனீர்னா, அதாவது பல்லு முன்னால ஒட்டற மெல்லிய ஓடுன்னா, முன்பக்கம் மட்டும், அரை மில்லிமீட்டர் அளவுக்கு. எனாமலை உண்டாக்கற செல்கள் பல் முளைச்சு வெளிய வர்றதுக்குள்ளயே அழிஞ்சுடும். அதனால ராவினது ராவினதுதான், உடம்பு அதைத் திருப்பிப் போடாது. 25 வயசுல போட்ட கேப் ஆயுசுக்கும் நிக்காது. 10, 15 வருஷத்துல மாத்த வேண்டி வரும், மாத்தற ஒவ்வொரு தடவையும் சொந்தப் பல் இன்னும் கொஞ்சம் குறையும். சில பல்லு வேர் சிகிச்சை வரைக்கும் போயிடும்.

சந்து 1, 2 மில்லிமீட்டர்தான்னா, பல் நிறத்துலயே இருக்கற காம்போசிட்ங்கற பசையை வச்சு ஒரே நாள்ல மூடிடலாம். பெரும்பாலும் ராவவே வேண்டியதில்லை. பின்னால மனசு மாறினாலும் எடுத்துடலாம். ஆனா சந்து ஏன் விழுந்துச்சுன்னு முதல்ல பார்க்கணும். சின்ன வயசுல இருந்தே இருக்கா, மேலுதட்டுக்கு உள்ள இருக்கற சதைநார் தடிச்சுக் கீழ வரைக்கும் இறங்கியிருக்கா, இல்ல இந்த ரெண்டு வருஷத்துலதான் பல் விலகுதா? புதுசா விலகுதுன்னா அது ஈறு நோயா இருக்கலாம். அதைச் சரி பண்ணாம மேல அழகு பண்றது வீண்.

வெளுப்பும் பண்ணிக்க ஆசைன்னா முதல்ல வெளுப்பு, 2 வாரம் இடைவெளி, அப்புறம் காம்போசிட். வெளுத்த பல்லுல ஆக்சிஜன் தங்கியிருக்கும், உடனே ஒட்டினா பிடிப்பு குறையும். அதனால முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வராதீங்க, இப்பவே வாங்க.

குகை: பல் கிளீனிங் பண்ணினா பல் ஆடும்னு எங்க அத்தை சொல்றாங்க. உண்மையா?

இல்லைங்க. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல காரை சேரச் சேர அடியில எலும்பு கரையும். எலும்பு கரைஞ்ச பல்லைக் காரைதான் ஒண்ணோட ஒண்ணா ஒட்டிப் பிடிச்சிருக்கும். காரையை எடுத்ததும், ஏற்கனவே ஆடிக்கிட்டிருந்தது வெளிய தெரியுது. நாக்குக்கு சந்து படறதும் கொஞ்ச நாள் கூசறதும் அதனாலதான். அத்தையையும் கூட்டிட்டு வாங்க, ஆடுதுன்னு அவங்க சொல்ற பல்லை நான் பார்க்கணும்.

ஜங்ஷன்: அப்பாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. மாடிப்படி ஏறினா இடது பக்கத் தாடை வலிக்குது, உட்கார்ந்தா நின்னுடுது. எந்தப் பல்லா இருக்கும்?

பல் டாக்டர்கிட்ட வராதீங்க. இன்னைக்கே இதய டாக்டர்கிட்ட போய் ஈ.சி.ஜி. எடுங்க. நடந்தா வர்ற, நின்னா போற தாடை வலி இதயத்துல இருந்து வரலாம். சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ வியர்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்க.

நாலு ரோடு: வாயைத் திறந்தா காதுகிட்ட 'டொக்'னு சத்தம். தட்டுவடை செட் சாப்பிட்டா மறுநாள் கன்னமெல்லாம் வலி. ராத்திரி பல்லைக் கடிக்கறேன்னு ரூம்ல சொல்றாங்க. ஒரு டாக்டர் கடவாய்ப்பல் நாலைக் கொஞ்சம் ராவி கடியை சரி பண்ணிடலாம்னு சொன்னார்.

தம்பி, ராவ விடாதீங்க. தாடை மூட்டு வலிக்காகக் கடியை ராவி சரி பண்றதால பலன் இருக்குன்னு நிரூபணம் இல்லை. வலி தானாக் குறைஞ்சாலும் பல் திரும்பி வராது.

காதுக்கு முன்னால விரலை வச்சு வாயைத் திறந்து மூடிப் பாருங்க. விரலுக்கு அடியில ஒரு உருண்டை முன்னாடி நகர்ந்து பின்னாடி போகும். அந்த எலும்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது கொஞ்சம் முன்னால நழுவியிருந்தா, வாய் திறக்கறப்ப எலும்பு அது மேல ஏறுற சத்தம்தான் அந்த 'டொக்'. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். நிறைய பேருக்கு இருக்கு, ஆயுசு பூரா ஒண்ணும் ஆகாது.

உங்க வலி அநேகமா மூட்டுல இல்லை, ராத்திரி பூரா இறுக்கிப் பிடிச்சுக் களைச்சுப் போன தசையில. 2, 3 வாரம் தட்டுவடை, முறுக்கு, கரும்பு, சூயிங்கம் எல்லாத்தையும் விடுங்க. சூடா நனைச்ச துணியை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை 15 நிமிஷம் கன்னத்துல வைங்க. கொட்டாவி வந்தா தாடைக்கு அடியில கை கொடுங்க. கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கறப்ப நடுநடுவுல கவனிங்க: உதடு மூடியிருக்கணும், மேல் பல்லும் கீழ் பல்லும் தொடக்கூடாது. சாப்பிடறப்பவும் முழுங்கறப்பவும் தவிர பல்லோட பல் படவே வேண்டியதில்லை. இதுல சரியாகலைன்னா உங்க வாய்க்கு அளவெடுத்து, ராத்திரி பல்லு மேல மாட்டிக்கற உறை (நைட் கார்டு) செய்யலாம், அதுக்கும் பல்லைத் தொட வேண்டாம். வாய் திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னாலும், திடீர்னு ரெண்டு விரல் கூட உள்ள போகலைன்னாலும் உடனே வந்துடுங்க.

ஏற்காடு, எஸ்டேட் வேலை: அவர் கேட்டதுக்குச் சொன்னீங்க. எனக்கும் வாய் சரியாத் திறக்கலைங்க, ஆனா வலி இல்லை. காரம் பட்டா எரியுது. புகையிலை கிடையாது, குளிருக்கு வெறும் பாக்கு மட்டும்தான் போடுவேன்.

அண்ணே, இது மூட்டு இல்லை. நடுவுல இருக்கற மூணு விரலை நிறுத்தி முன்பல்லுக்கு நடுவுல விடுங்க. போகணும். போகலைன்னா கன்னத்துக்கு உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க. மெத்துன்னு இருக்க வேண்டிய இடத்துல மேலிருந்து கீழ கயிறு மாதிரி பட்டை பட்டையாத் தட்டுப்படும். கண்ணாடியில பார்த்தா வெளிறித் தெரியும். பாக்கு போடறவங்களுக்கு வாய்ச்சதை நாராகி இறுகற நோய் அது. புகையிலை இல்லாம வெறும் பாக்கே இதுக்குப் போதும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் வகையில வச்சிருக்கு. இந்த இறுக்கம் வந்தவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு அது புற்றா மாறும்.

நாரான சதை பழையபடி ஆகாது. ஆனா பாக்கை இன்னைக்கே நிறுத்தினா மேற்கொண்டு இறுகறது குறையும். ஊசியும் வாய்ப் பயிற்சியும் சேர்ந்தா கொஞ்சம் திறக்கும். சேலம் அரசு மருத்துவமனை பல் பிரிவுக்கு வந்தா செலவு பத்திக் கவலை வேண்டாம். இந்த வாரமே கீழ இறங்கி வாங்கண்ணே. உங்க லைன் வீட்டுல பாக்கு போடற மத்தவங்களையும் அந்த மூணு விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

கொண்டலாம்பட்டி: கிளீனிங் பண்ணினா எனாமல் தேய்ஞ்சு பல் ஆடுமா?

தேயாது, ஆடாது. குகைக்காரருக்கு மேல பதில் சொல்லியிருக்கேன்.

பேர் வேண்டாம், சேலம்: எனக்கு 34 வயசு. சின்ன வயசுல ஒரு பல் டாக்டர் கையைப் பிடிச்சு அழுத்திக்கிட்டுப் பல்லைப் பிடுங்கினார். இப்ப மூணு சொத்தை இருக்கு. கிளினிக் வாசல் வரைக்கும் வந்து திரும்பிடறேன். மருந்து வாசனை வந்தாலே கை நடுங்குது. சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை.

சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லைம்மா. பயத்தால தள்ளிப் போட்டு முகம் வீங்கி வர்றவங்களை நான் நிறையப் பார்க்கறேன். உங்களுக்கு அன்னைக்கு நடந்தது தப்பு. வலிக்குதுன்னு சொல்ற குழந்தையோட கையைப் பிடிச்சுக்கிட்டு வேலை பார்க்கக் கூடாது.

அப்பாயின்ட்மென்ட் வாங்கறப்பவே, 'பயம் இருக்கு, முதல் தடவை பேச மட்டும் வர்றேன்'னு சொல்லுங்க. அன்னைக்குச் சாதாரண நாற்காலியிலயே உட்கார்ந்து பேசலாம். ரெண்டாவது தடவை கண்ணாடி மட்டும் வச்சுப் பார்க்கறது. வேலைன்னு வர்ற நாள்ல காலையில முதல் ஆளா வாங்க, காத்திருக்கறப்பத்தான் பயம் ஏறும். சாப்பிட்டுட்டு வாங்க, வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வரலாம். இடது கையைத் தூக்கினா நிறுத்தணும்னு முதல்லயே டாக்டர்கிட்ட பேசி வச்சுக்குங்க. சும்மா ஒரு தடவை தூக்கியும் பாருங்க. நிறுத்தினாங்கன்னா மேல உட்காருங்க. நிறுத்தலைன்னா எழுந்து வந்துடுங்க, வேற டாக்டர் இருக்காங்க.

ஊசியைப் பத்தியும் சொல்லிடறேன். ஈறைத் துடைச்சு மரத்துப் போற ஜெல்லைத் தடவி ரெண்டு நிமிஷம் விடணும், அப்புறம் மருந்தை நிதானமா ஏத்தணும். ஊசி வலிக்கறதுல பாதி அவசரமா ஏத்தறதாலதான். மருந்துல லிக்னோகெய்ன்கூட அட்ரினலினும் கலந்திருக்கும், அதனால சில நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிக்கலாம். நீங்க அதைப் பயம்னு நினைச்சுப்பீங்க, அது மருந்தோட வேலை, தானா அடங்கும்.

'ஊசி போட்டும் வலிச்சுது'ன்னு சொல்றவங்க பொய் சொல்லலை. நரம்பு கொதிச்சுப் போய் இருக்கறப்ப கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு ஒரு ஊசி பத்தாம போகறது உண்டு. பல்லைச் சுத்தி இன்னொரு ஊசி போடணும், இல்ல அன்னைக்கு மருந்து வச்சு அனுப்பிட்டு இன்னொரு நாள் பார்க்கணும். சொத்தை சின்னதா இருக்கறப்பவே வரச் சொல்றது இதுக்காகத்தான். இது எதுவுமே முடியலைன்னா மூக்கு வழியா நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துப் பண்ற இடங்கள் இருக்கு. முழிப்பு இருக்கும், பதட்டம் இருக்காது. கூட உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.

அம்மாபேட்டை: எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் வச்சுத் தேய்ச்சா பல் வெளுக்குமா?

எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும். நிறுத்துங்க. வீடியோவுல வர்ற கரித்தூளும் வேண்டாம், அது எனாமலைத் தேய்க்கும்.

காடையாம்பட்டி: எனக்கு 19 வயசு. பல்லெல்லாம் காவிக் கறை. எங்க தெருவுல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. பல்லே விளக்கறதில்லைன்னு காலேஜ்ல கிண்டல் பண்றாங்க. கிளீனிங்ல போகுமா?

கிளீனிங்ல போகாதும்மா, ஏன்னா அது அழுக்கே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்லயும், அதை ஒட்டின நம்ம பக்கத்துலயும் பாறைக்கு அடியில இருக்கற தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். போர் ஆழமாப் போகப் போக பல இடத்துல கூடும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தரம் சொல்லுது, வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும். அதுக்கு மேல இருக்கற தண்ணியை 8 வயசுக்குள்ள குடிச்சா, ஈறுக்குள்ள உருவாகிக்கிட்டிருக்கற எனாமல் சரியா இறுகாம வெளிய வரும். அப்புறம் அதுல நிறம் ஏறும். உங்களைக் கிண்டல் பண்றவங்க குடிச்ச தண்ணி வேற, அவ்வளவுதான்.

இதுக்கும் முதல்லயே கேப், வெனீர்னு போகாதீங்க. ஈறை ரப்பர் ஷீட்டால மறைச்சு, லேசான அமிலம் கலந்த பசையைப் பல் மேல சில விநாடி தேய்ச்சுக் கழுவற ஒரு முறை இருக்கு. மைக்ரோ அப்ரேஷன்னு பேர். 0.1, 0.2 மில்லிமீட்டர்தான் போகும், காவி நிறம் நல்லாவே குறையும். மிச்சத்துக்கு வெளுப்பு. வெள்ளைத் திட்டு நின்னா ரெசின்ங்கற பிசின் மாதிரி திரவத்தை அதுக்குள்ள ஊற விடலாம். குழி விழுந்த இடத்துக்கு மட்டும் காம்போசிட். பல் மருத்துவக் கல்லூரியில கேளுங்க, தனியாரைவிடக் கம்மியா ஆகும்.

மேச்சேரி: அப்ப ஃப்ளோரைடு விஷம்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்புறம் ஃப்ளோரைடு பேஸ்ட்டை ஏன் எழுதிக் கொடுக்கறீங்க? எங்க தாத்தா செங்கல் பொடியும் சாம்பலும்தான். 80 வயசுலயும் கறி கடிச்சார்.

முழுங்கறதும் மேல படறதும் வேற வேற அண்ணே. வருஷக்கணக்கா வயித்துக்குள்ள போனா எனாமல் கெடும், எலும்பும் கெடும். முளைச்ச பல் மேல படற ஃப்ளோரைடு, அமிலத்துல கரைஞ்ச இடத்தைத் திரும்ப இறுக வைக்கும், சொத்தையைத் தடுக்கும். தாத்தா தினம் பிஸ்கட்டும் கூல்டிரிங்க்ஸும் சாப்பிட்டிருக்க மாட்டார். குடிச்சதும் அநேகமாத் திறந்த கிணத்துத் தண்ணியா இருக்கும், ஆயிரம் அடி போர் இல்லை. செங்கல் பொடி போடறவங்களுக்கு ஈறோரத்துல பல் பள்ளமாத் தேய்ஞ்சிருக்கறதை நான் தினம் பார்க்கறேன். அதுவும் ராவறதுதான், தன் கையாலயே.

வாழப்பாடி, ஆசிரியை: அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கே மேடம். சின்னப் பசங்க பேஸ்ட்டை இனிப்பா இருக்குன்னு முழுங்கறாங்களே.

சரியாச் சொன்னீங்க டீச்சர், அந்தப் பாதியை நானும் ஒத்துக்கறேன். 3 வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, 3-லிருந்து 6 வரைக்கும் பட்டாணி அளவு, பெரியவங்கதான் பிரஷ்ல வச்சுத் தரணும், துப்ப வைக்கணும். விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் முழுக்க வைக்கறது குழந்தைக்கு ஆகாது.

இளம்பிள்ளை: தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா ஃப்ளோரைடு போயிடும்ல?

போகாது, கூடும். தண்ணி ஆவியாகும், ஃப்ளோரைடு தங்கிடும். ஆர்.ஓ. குறைக்கும். மேட்டூர் காவிரித் தண்ணி குழாய்ல வருதுன்னா குடிக்கவும் சமைக்கவும் அதையே வைங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான்.

கிச்சிப்பாளையம்: மேல் பல்லை எடுத்தா கண் பார்வை போகுமா? கிளீனிங் பண்ணா பல் ஆடுமா?

போகாது. ஆடாது. ரெண்டாவதுக்கு மேல ரெண்டு பதில் இருக்கு, படிங்க.

மேச்சேரி: செங்கல் பொடியை விட்டுடறேன். வேப்பங்குச்சியையும் விடணுமா? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அப்புறம், எங்க போர் தண்ணி எப்படின்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?

குச்சியை விட வேண்டாம். நுனியை நல்லா மென்னு மிருதுவாக்கி, அழுத்தாம தேயுங்க. ஆனா கடவாய்ப்பல்லோட உள்பக்கம் குச்சி எட்டாது, ராத்திரிக்கு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வேணும்.

தண்ணிக்கு, குடிநீர் வடிகால் வாரியத்தோட பரிசோதனைக் கூடத்துல கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிட்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடிங்க. கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோட சேரும். ரிப்போர்ட்ல 1.5-க்கு மேல வந்துச்சுன்னா அந்தத் தண்ணியைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வச்சுக்குங்க. வீட்டுல 8 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க இருந்தா ரிப்போர்ட்டோட கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கறேன்.