மோட்டார் சைக்கிள் அல்ல, மோட்டார் பொருத்திய சைக்கிள்: பின் ஸ்ப்ராக்கெட் 44 பல்லா, 36 பல்லா?

பல் எண்ணிக்கைக்கு முன்னால் யோசிக்க வேண்டியது, ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, எதில் இறுக்கப்போகிறீர்கள் என்பதுதான். சைக்கிளில் பொருத்துவதற்கான டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிட்டோடு பெரும்பாலும் வருவது 9 போல்ட் முறை: ஸ்போக்ஸ் கம்பிகளின் இருபுறமும் ரப்பர் வளையம் வைத்து இறுக்குவது. மலிவுதான். ஆனால் இன்ஜினின் இழுவை முழுவதும் கம்பிகளில் விழுகிறது; மெல்லிய கம்பி தளரும், அறுந்தும் போகும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்காவிட்டால் ஸ்ப்ராக்கெட் கோணிக்கொள்ளும். செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால் ஆளையே தூக்கிப் போடும்.

அதனால் ஹப்பையே (சக்கரத்தின் நடுக்குடத்தையே) கவ்விப் பிடிக்கும் அடாப்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன். வாங்குமுன் ஹப்பின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள், கண்மதிப்பு உதவாது. 6 துளை டிஸ்க் பிரேக் ஹப் என்றால் அந்தத் துளைகளிலேயே பொருத்தும் வகையும் உண்டு.

கிட்டில் வழக்கமாக 44 பல். 36க்கு மாறினால் அதே இன்ஜின் சுழற்சியில் வேகம் சுமார் 22 சதவீதம் கூடும், சக்கரத்தின் இழுவை 18 சதவீதம் குறையும். மேடும் சுமையும் அதிகமென்றால் 44ஐ மாற்றாதீர்கள். சமதளத்துக்கு 36 போதும்.

பொருத்தியதும் சக்கரத்தைக் கையால் சுற்றி, பற்கள் பக்கவாட்டில் ஆடுகின்றனவா, செயின் டயரில் உரசுகிறதா என்று பாருங்கள்.