எடை குறைக்கிற ஒப்பரேசன்: ஸ்லீவா, பைபாஸா? எதைத் தெரிவு செய்வது?

வாசகர் கேள்வி, டொக்டர் அக்கா பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர் அக்கா. எனக்கு 24 வயது. களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. சின்ன வயதிலிருந்தே உடம்புதான், ஏ.எல். முடிந்த பிறகு இன்னும் ஏறிவிட்டது. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, சூலகத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கானில் சொன்னார்கள். சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, எல்லையில் நிற்கிறதாம். இரவில் படுத்தால் நெஞ்செரிவு, புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வரும். சோற்றை விட்டுப் பார்த்தேன், நடந்து பார்த்தேன், பவுடரும் கரைத்துக் குடித்துப் பார்த்தேன், குறைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. கனடா மாமா இரைப்பையைச் சின்னதாக்கி எடை குறைக்கிற ஒப்பரேசனுக்குக் காசு தருகிறேன் என்கிறார். கொழும்பில் காட்டிய டொக்டர் பைபாஸ் நல்லது என்றார். திருச்சியில் ஸ்லீவ் செய்த என் சித்தியின் மகளோ, "பைபாஸ் பக்கம் போகாதே, குடலை வெட்டி மாற்றி வைப்பார்கள், சாகும் வரைக்கும் குளுசைதான்" என்கிறாள். அம்மாவுக்கு அடுத்த ஆவணிக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். நான் எதைச் செய்ய?
பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கடிதம் முழுக்க எடையைப் பற்றி எழுதியிருந்தாலும் என் கண் போய் நின்றது அந்த நெஞ்செரிவில்தான். நாள் குறிக்க முதல் எண்டோஸ்கோப்பி ஒன்று செய்து பாருங்கள், அதாவது வாய் வழியாகக் கமரா விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்ப்பது. அதில் உணவுக்குழாயின் அடி அமிலத்தால் புண்பட்டிருக்கிறது என்றோ, இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறி நிற்கிறது என்றோ வந்தால் என் பதில் பைபாஸ். இரண்டும் இல்லாமல் சுத்தமாக வந்தால் ஸ்லீவும் உங்களுக்குப் பொருந்தலாம், அப்போது வேறு விஷயங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சித்தியின் மகளுக்கு ஸ்லீவ் நல்லாகச் சரிவந்திருக்கிறது, சந்தோசம். ஆனால் அவருக்கு உங்களைப் போல இரவில் புளித்த தண்ணீர் ஏறியதா என்று நமக்குத் தெரியாது.

ஏன் நெஞ்செரிவை இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், ஸ்லீவில் இரைப்பையில் முக்கால்வாசிக்கும் மேலே வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போல ஒடுக்கமான குழாய். வயிறு சீக்கிரம் நிரம்பும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோமோனை அதிகமாகச் சுரக்கிற பகுதியும் வெட்டுப்பட்டுப் போவதால் பசியே குறையும், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் கூட, அமிலம் மேலே ஏறும். முன்னமே ஏறிக்கொண்டிருந்தவருக்கு இன்னும் மோசமாகலாம். பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்லீவும் மற்றதுக்கு பைபாஸும் செய்து, பத்து வருடம் கழித்து என்ன நிலை என்று 2022இல் எழுதினார்கள். கமரா விட்டுப் பார்த்ததில் ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதமானவர்களுக்கு உணவுக்குழாய் புண்பட்டிருந்தது, பைபாஸ் பக்கம் 7 வீதம். எடை குறைந்ததில் பைபாஸ் கொஞ்சம் முன்னால் நின்றது, பெரிய இடைவெளி இல்லை. ஆகவே எதில் கூடக் கிலோ இறங்கும் என்ற கேள்வியை விட, எதனோடு இன்னும் ஐம்பது வருடம் வாழப்போகிறீர்கள் என்ற கேள்விதான் 24 வயதுக்காரிக்கு முக்கியம்.

பைபாஸில் இரைப்பையின் மேல் நுனியில் 30 மில்லிலீற்றர் அளவான ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுவில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். மீதி இரைப்பை வெட்டி எறியப்படுவதில்லை, உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அதற்குள் போகாது. அமிலம் அந்தப் பெரிய பகுதியில் சுரந்து கீழே போய்விடுவதால் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்செரிவு குறைந்துவிடும். சீனியும் நல்ல கட்டுப்பாட்டுக்கு வரும், உங்களைப் போல எல்லையில் நிற்பவர்களுக்கு அது பெரிய லாபம். குடலை வெட்டி மாற்றுவார்கள் என்று சித்தியின் மகள் சொன்னது உண்மைதான். ஆனால் ஸ்லீவில் வெட்டி எடுத்த இரைப்பை எந்தக் காலத்திலும் திரும்பி வராது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஸ்லீவ் செய்து பிறகு நெஞ்செரிவு தாங்காமல் பைபாஸாக மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அது இரண்டாவது ஒப்பரேசன், இரண்டாவது செலவு, ஆபத்தும் முதலாவதை விடக் கொஞ்சம் கூட.

குளுசை பற்றிய பயத்துக்கு வருகிறேன். ஸ்லீவ் செய்தாலும் விற்றமின் குளுசை போடத்தான் வேண்டும். பைபாஸில் இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் இரும்புச்சத்து, கல்சியம், பி12 எல்லாம் உறிஞ்சப்படுவது குறையும். மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு முதலில் வந்து நிற்கும். எடை குறையக் குறைய உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கும், இரத்தமும் அதற்கேற்ப மாதாமாதம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். நம் பக்கத்தில் நான் காண்பது, காலையில் குளுசையை வாயில் போட்டுப் பால் தேத்தண்ணியால் விழுங்குவது. தேயிலையும் பாலும் இரும்பைப் பிடித்து வைத்துவிடும், குளுசை போட்டும் போடாத கதைதான். இரும்புக் குளுசையைத் தண்ணீரோடு, தேசிக்காய்த் தண்ணி என்றால் இன்னும் நல்லது. கல்சியக் குளுசைக்கும் அதற்கும் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். முதல் வருடத்தில் சில மாதத்துக்கு ஒருமுறையும் அதன் பிறகு வருடா வருடமும் இரத்தப் பரிசோதனை. இதை உங்களால் தொடர முடியுமா என்று உங்களையே நேர்மையாகக் கேளுங்கள். வழக்கமாகக் குளுசையை மறக்கிற ஆள், மூன்று மாதத்தில் சலித்துப் போகிற ஆள் என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, அது முடிவையே மாற்றக்கூடிய தகவல்.

அடுத்தது எதிர்பார்ப்பு. இந்த இரண்டில் எது செய்தாலும் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடத்தில் உடல் எடையில் கால்வாசி முதல் 30 வீதம் வரை இறங்கும். உங்கள் கணக்கில் 78 முதல் 84 கிலோ. கல்யாண அல்பத்துக்கு 55 கிலோவில் நிற்பேன் என்று மனதில் வைத்திருந்தால் அந்தப் படத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். 80 கிலோவில் உங்கள் முழங்கால், சீனி, மூச்சு எல்லாம் எவ்வளவு இலகுவாகும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம். மூன்றாம் மாதமளவில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், புரதமும் இரும்பும் ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் திரும்பி முளைக்கும். தோல் தொங்கும், வயதால் உங்களுக்குக் கொஞ்சம் சாதகம், என்றாலும் தொங்கும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் உருவாகலாம், அதைத் தடுக்க சில மாதத்துக்குக் குளுசை தருவார்கள்.

இப்போது ஆவணிக் கல்யாணம். அம்மாவிடம் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, உடம்பே வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிற நேரத்தில் பிள்ளைக்குப் போக வேண்டிய சத்து போகாது. ஆனால் நீர்க்கட்டியால் இவ்வளவு காலம் முட்டை வெளிவராமல் இருந்த பெண்களுக்கு, எடை இறங்க ஆரம்பித்ததும் எதிர்பாராமல் முட்டை வெளிவரத் தொடங்கும், எனக்கெல்லாம் பிள்ளை தங்காது என்று நினைத்திருந்தவர்கள் அந்த மாதங்களிலேயே கர்ப்பமாகிவிடுவது உண்டு. பைபாஸுக்குப் பிறகு கர்ப்பத்தடைக் குளுசையை நம்ப முடியாது, கருப்பைக்குள் வைக்கிற லூப்போ கைக்குள் வைக்கிற குச்சியோதான் நல்லது. கல்யாணம் ஆவணியில் நடக்கலாம், பிள்ளைக்கு அவசரப்படாத குடும்பமாக இருந்தால். மாப்பிள்ளை வீட்டுக்கு இதை ஒளித்துக் கட்டிக்கொடுக்க வேண்டாம். முதல் வருடத்திலேயே "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்கத் தொடங்குவார்கள், அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்கப் போவது நீங்கள்தான். பிறகு கர்ப்பமானால் முதல் நாளே மிட்வைஃபிடம் பைபாஸ் செய்ததைச் சொல்லுங்கள். சீனி பார்க்கக் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தருவார்கள், பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மயங்கி விழவும் கூடும். வீட்டில் விரலில் குத்திச் சீனி பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோவது போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், உதயதேவி ரயிலில் போனாலும் ஒரு பகல் போய்விடும். அதனால் முதல் சில கிழமை கொழும்பிலேயே யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நல்லது. வயிற்றுக்குள்ளே தையல் போட்ட இடம் கசிந்தால் காய்ச்சல், வயிற்றுவலி, நாடி வேகமாக அடிப்பது, தோள் வலி என்று வரும், வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஓயாத வாந்தி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி, பி1 விற்றமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். பைபாஸ் செய்து ஐந்து வருடம் கழிந்த பிறகும் திடீரென்று வயிறு முறுக்கி வலித்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். போதனா வைத்தியசாலைக்கு இரவு 2 மணிக்குப் போனாலும் அங்கே நிற்கிற டொக்டருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன செய்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே டயக்னோசிஸ் கார்ட்டைப் படம் பிடித்து உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் வையுங்கள். பல்வலி, முதுகுவலி என்று பாமசியில் டைக்ளோபெனாக், இபுபுரூபென் வாங்கிப் போடாதீர்கள், பொருத்திய இடத்தில் புண் வரும். பனடோல் போடலாம்.

சாப்பாட்டுக்கு நம் ஊர் வசதியானதுதான். முதலில் தண்ணிச் சாப்பாடு, பிறகு மசித்தது, பிறகு மெதுவானது என்று ஒன்றரை, இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு வருவீர்கள். கோப்பையில் மீன், முட்டை, பருப்பு முதல் இறங்க வேண்டும், இடம் மிஞ்சினால் சோறு. தயிர் நல்லது, பாணியும் சீனியும் போடாமல். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

எடை குறைக்கிற ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். செமகுளூரைட் போன்ற ஊசிகள் வேலை செய்கின்றன, சராசரி 15 வீதமளவு இறங்குகிறது, நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வருகிறது. மாமா மாதாமாதம் எத்தனை வருடத்துக்கு அனுப்புவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: டொக்டர், எனக்கு 28 வயது, சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கிறேன். எடை 128 கிலோ, ஐந்து வருடமாக சீனி, இரண்டு வகைக் குளுசை போடுகிறேன். சிகரெட் பழக்கம் இருக்கிறது. இந்தியாவில் ஒரு ஆஸ்பத்திரி மினி பைபாஸ் செய்து ஏழு நாளில் திருப்பி அனுப்புகிறார்களாம், பைபாஸை விட இலேசானதாம். நோன்புக்கு முதல் போய் வந்துவிடலாமா?
வாசகர், சாய்ந்தமருது

பதில்: தம்பி, மினி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பைபாஸில் இரண்டு இடத்தில் பொருத்துவார்கள், இதில் ஒரு இடத்தில். ஒப்பரேசன் நேரம் குறைவு, சீனிக்கு நல்ல பலன் தருகிறது, இந்தியாவில் நிறையச் செய்கிறார்கள், இதெல்லாம் சரி. ஆனால் சத்துக் குறைபாடு சாதாரண பைபாஸை விடக் கூடவே வரலாம், சிலருக்குப் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி எரியும். குடலில் எத்தனை சென்ரிமீற்றரைத் தாண்டி விடப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள், கூட விட்டால் எடை நல்லாக இறங்கும், சத்தும் சேர்ந்து இறங்கும்.

சிகரெட்டோடு இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். பொருத்திய இடத்தில் புண் வந்து ஓட்டை விழுவதற்குப் புகைத்தல் பெரிய காரணம். முதலில் நிறுத்துங்கள், நிறுத்திச் சில மாதம் நிலைத்து நின்ற பிறகு நாள் குறியுங்கள். அப்படிப் பார்த்தால் வருகிற நோன்புக்கு முதல் என்ற அவசரம் தானாகவே போய்விடும். ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் வருடமாவது நோன்பு பிடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. உங்கள் வயிறு ஒரே நேரத்தில் அரைக் கோப்பைக்கு மேல் தண்ணீர் எடுக்காது, நோன்பு திறந்து ஸஹர் வரைக்குமான நேரத்துக்குள் தேவையான தண்ணீரும் புரதமும் உள்ளே போகாது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கிற களாவைப் பற்றி உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள்.

ஏழு நாளில் விமானம் ஏறுவதையும் ஆஸ்பத்திரியிடம் திரும்பக் கேளுங்கள், அந்த நாட்களில் காலில் இரத்தம் உறைகிற ஆபத்து இருக்கிறது, உட்கார்ந்தே பயணம் செய்தால் இன்னும் கூடும். ஒப்பரேசன் குறிப்பு, ஸ்கான், இரத்த ரிப்போட் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். வந்த கிழமையே கல்முனையில் உங்கள் சீனிக் கிளினிக்கில் காட்டுங்கள். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சீனிக் குளுசை போட்டால் சீனி தரைமட்டத்துக்கு இறங்கி மயக்கம் வரும், கராஜில் வாகனத்துக்கு அடியில் படுத்திருக்கும்போது அது வந்தால் ஆபத்து. எந்தக் குளுசையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று அங்கிருந்து கிளம்புகிற அன்றே எழுதி வாங்குங்கள்.