கம்பத்தில் சர்வர், கையில் மேக்: கேள்வி பதில்

கம்பம், போடி, குமுளி ஆபீஸ்களில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். ‘சர்வர் விண்டோஸ், என் கணினி வேறு, ஃபைல் எப்படி எடுப்பது’ என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணே, ஏலக்காய் கமிஷன் கடை. முதலாளி மகன் மேக்புக் வாங்கி வந்துவிட்டார். அதில் சர்வரே தெரியவில்லை. (கம்பம்)

தெரியாவிட்டால் போகட்டும் தம்பி. விண்டோஸ் தன் இருப்பைச் சொல்லும் விதமும் மேக் தேடும் விதமும் வேறு. பட்டியலில் தெரியாத சர்வர்கூட முகவரி கொடுத்தால் திறக்கும். ஃபைண்டரில் (மேக்கில் ஃபைல்களைப் பார்க்கும் செயலி) கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எம்பி (smb, விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:), இரண்டு சாய்கோடு (//), சர்வரின் ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி), இன்னொரு சாய்கோடு, ஷேரின் (சர்வரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரின்) பெயர். விண்டோஸில் பழகிய தலைகீழ்ச் சாய்கோடு இங்கே ஆகாது. ரவுட்டரில் அந்த ஐபி எண்ணை சர்வருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் எண் மாறும், மறுபடி எனக்குத்தான் போன் வரும்.

பெட்டி வந்தது அண்ணே. ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. தினமும் போடும் அதே நாலு எண்தான். (அதே தம்பி)

அது பாஸ்வேர்டு இல்லை, பின். அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான் அது. நெட்வொர்க் வழியாக வந்தால் அசல் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். எனக்கு வரும் புகாரில் பாதி இதுதான். சர்வரில் ஷேருக்கென்று தனியாக ஒரு லோக்கல் கணக்கு (அந்த சர்வருக்கு மட்டுமான பயனர் பெயர், பாஸ்வேர்டு) போட்டு அதைக் கொடுங்கள். முதலாளியின் சொந்தப் பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அப்புறம், அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரில் ஒன்று, ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ‘திறக்கிறது, சேமிக்க முடியவில்லை’ என்றால் அங்கே பாருங்கள்.

சார், எங்கள் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை சர்வருக்கு அனுப்ப மறுக்கிறது. எஸ்எம்பி 1 ஆன் செய்தால் சரியாகும் என்கிறார் சர்வீஸ்காரர். செய்யலாமா? (குமுளி)

சரியாகும். ஆனாலும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்ட வானாக்ரை நுழைந்தது அந்தப் பழைய எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதே இல்லை. ஒரு மெஷினுக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பானேன்? ஸ்கேனை மெயிலில் அனுப்பும் வசதி அந்த மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துகிறேன். சர்வரின் ஷேரை நிரந்தரமாக இணைத்து வைத்தேன், கரண்டு போய் வந்தால் கணினி பாதியில் நின்றுவிடுகிறது. (வண்டிப்பெரியார்)

சர்வர் எழுந்திருக்கும் முன்பே உங்கள் கணினி எழுந்து அதைத் தேடுகிறது. எஃப்எஸ்டேப் (fstab, கணினி கிளம்பும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியல் ஃபைல்) வரியில் நோஃபெயில் (nofail) என்ற சொல்லைச் சேருங்கள், சர்வர் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடும். பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுதாமல் தனி ஃபைலில் வையுங்கள். லினக்ஸில் சாம்பா என்று கேள்விப்படுகிறீர்களே, லினக்ஸை விண்டோஸுடன் எஸ்எம்பி பேச வைக்கும் மென்பொருள், அது 1992-இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது.

சார், தமிழில் பெயர் வைத்த ஃபைல்களில் ‘கம்பம்’ என்று தேடினால் வருகிறது, ‘போடி’ என்றால் வரவில்லை. கண்ணெதிரே இருக்கிறது! (போடி, ஆடிட்டர் ஆபீஸ்)

பழைய மேக்கிலிருந்து ஜிப்பாக வந்த ஃபைல்களா அம்மா? அப்படியானால் காரணம் இதுவாக இருக்கலாம். ‘போ’வின் துணையெழுத்தை யூனிகோடில் (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க் முறை பிரித்தே சேமிக்கும். கண்ணுக்கு ஒரே ‘போடி’, விண்டோஸுக்கு இரண்டு ஊர். ‘கம்பம்’ என்பதில் பிரிக்க ஒன்றுமில்லை, அதனால் தப்பித்தது. பெயரை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால் போதும். மேக்கில் ‘ஏலம் 12/3’ என்று சாய்கோடு போட்டுப் பெயர் வைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். விண்டோஸில் அந்த எழுத்துக்கு அனுமதி இல்லை.

ஐபேடில் முடியுமா?

முடியும். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 காலம் முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே ‘கனெக்ட் டு சர்வர்’ இருக்கிறது.

எஸ்டேட் பங்களாவிலிருந்து கம்பம் சர்வரைத் திறக்க, ரவுட்டரில் 445 போர்ட்டைத் திறந்துவிடட்டுமா? (குமுளி)

வேண்டவே வேண்டாம். 445 என்பது எஸ்எம்பி போய்வரும் வாசல், ஊரிலுள்ள திருடனெல்லாம் முதலில் தட்டும் கதவு அது. விபிஎன் (இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) போட்டு உள்ளே வாருங்கள். மலை மேல் சிக்னல் விட்டு விட்டு வருவதால், எக்செல்லை சர்வரிலேயே வைத்துத் திருத்தாமல் உங்கள் கணினிக்குக் காப்பி எடுத்து, முடித்துத் திருப்பி வையுங்கள். அதுவரை மற்றவர் அதைத் தொடக்கூடாது என்று கீழே போனில் சொல்லிவிடுங்கள். டேலியை (கணக்கு மென்பொருள்) மட்டும் இப்படிக் காப்பி எடுத்து ஓட்டாதீர்கள், கணக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப்தான், அங்குள்ள கணினியின் திரையையே இங்கிருந்து திறந்து வேலை பார்ப்பது.