கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஸ்ட்ராட்டா, டெலியா, லெஸ் பாலா?

தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. இதுவரைக்கும் அக்கூஸ்டிக் வச்சு பஜனைக்கு வாசிச்சிட்டிருந்தாராம், இப்ப கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுல சேர்ந்துட்டாரு, பழைய ராஜா பாட்டுலேர்ந்து குத்து வரைக்கும் எல்லாம் வாசிக்கணும், கையில இருக்கற காசு ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டாருக்குத்தான், டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் மூணுல எது நல்லதுன்னு கேக்கறாரு.

தம்பி, முதல்ல விலைய பாத்து பயந்துடாதீங்க. டெலிகாஸ்டரும் (சுருக்கமா டெலி) ஸ்ட்ராட்டோகாஸ்டரும் (ஸ்ட்ராட்) ஃபெண்டர் கம்பெனியோடது, லெஸ் பால் கிப்சனோடது. ஃபெண்டருக்கு ஸ்குவையர் இருக்கு, கிப்சனுக்கு எப்பிஃபோன் இருக்கு, அதே கம்பெனிகளோட விலை கம்மி பிராண்டு, டிசைனும் அதேதான். அப்புறம் பெரிய ராக் கிட்டார்காரங்க ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட் வாசிச்சாரு, ஜிம்மி பேஜ் லெஸ் பால் வாசிச்சாருங்கறதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அவங்க யாரும் டர்பன் கல்யாண ஹால்ல சீரியல் லைட்டுக்கும் டிம்மருக்கும் நடுவுல நின்னு வாசிக்கல. உங்களுக்கு முதல் தலைவலியே இரைச்சல்தான்.

ஸ்ட்ராட், டெலி ரெண்டுலயும் இருக்கறது சிங்கிள் காயில் பிக்கப், அதாவது காந்தத்த சுத்தி ஒரே ஒரு கம்பிச்சுருள் வச்சு சத்தத்த எடுக்கற பகுதி. அது கம்பியோட அதிர்வ எடுக்கற மாதிரியே சுத்தி இருக்கற கரண்டோட இரைச்சலயும் எடுக்கும், நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 'உம்ம்'முனு ஆம்ப்ல வந்து உக்காந்துக்கும், நீங்க கிட்டாரோட அப்படியே திரும்பி நின்னா கூடும் குறையும். 1952ல லெஸ் பால் வந்தப்ப அதுலயும் சிங்கிள் காயில்தான், கிப்சன்ல வேலை பாத்த செத் லவர் பண்ணின ஹம்பக்கர் 1957லதான் அதுல ஏறிச்சு. ரெண்டு காயில், ஒண்ணுக்கொண்ணு எதிர் சுத்து, காந்தமும் எதிர் பக்கம், அதனால இரைச்சல் அடிபட்டுப்போகும், கம்பி சத்தம் மட்டும் கூடி வரும். சத்தம் தடிமனாவும் இருக்கும், லீடுக்கு சுகம்.

அப்ப லெஸ் பாலே வாங்கிடலாமேன்னா, கொஞ்சம் பொறுங்க. மஹோகனி உடம்பு, தோள்ல நாலு கிலோவுக்கு மேலகூட தொங்கும், பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே வாசிக்கணும்ல. அதோட கீபோர்டும் வயலினும் சேர்ந்து வாசிக்கறப்ப அந்த தடிமன் சத்தம் கூட்டத்துல கரைஞ்சு போயிடும். டெலி அப்படியில்ல, பிரிட்ஜ், அதாவது உடம்புல கம்பிய தாங்கற பகுதி, அதுகிட்ட இருக்கற பிக்கப் ஒரு இரும்பு தட்டுல உக்காந்திருக்கும், சுள்ளுன்னு வெட்டிக்கிட்டு வெளிய வரும், ரிதத்துக்கு அத அடிச்சிக்க ஆளில்ல. 1950ல பிராட்காஸ்டர்னு வந்துச்சு, கிரெட்ச் கம்பெனி அதே மாதிரி பேர்ல டிரம் வச்சிருந்ததால அடுத்த வருஷமே டெலிகாஸ்டர் ஆயிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் பெருசா மாறல.

ஆனா உங்களுக்கு ராஜா பாட்டு இருக்கே, அங்கதான் விஷயம். இடையில வர்ற வயலின் பிடி, நாதஸ்வர பிடிய எல்லாம் கிட்டார்ல கொண்டுவரணும்னா கம்பிய இழுத்து கமகம் குடுக்கணும். கிப்சன்ல கம்பி நீளம் 24.75 இஞ்ச், ஃபெண்டர்ல 25.5, அதே கம்பிய போட்டா ஃபெண்டர்ல இறுக்கம் சுமார் 6 சதவீதம் கூட, விரலுக்கு நல்லாவே தெரியும். இதுல இன்னொண்ணும் இருக்கு, பழைய ஃபெண்டர் நெக்கோட (விரல் வைக்கற கழுத்து) மேல் பக்கம் 7.25 இஞ்ச் வளைவு, இந்த எண் சின்னதா இருந்தா வளைவு ஜாஸ்தி, உச்சில ஒரு ஸ்வரம் முழுசா இழுத்தா கம்பி அடுத்த ஃபிரெட்ல (நெக்குல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) இடிச்சு செத்துப்போகும். அதனால ஃபெண்டர் வகைன்னா 9.5 இஞ்ச் வளைவுள்ளதா பாத்து எடுங்க, கிப்சன் 12, அங்க இந்த தொல்லையே இல்ல.

என்னைக் கேட்டா பிரிட்ஜ்ல மட்டும் ஹம்பக்கர் வச்ச ஸ்ட்ராட், கடையில எச்எஸ்எஸ்னு கேளுங்க, ஒரு ஹம்பக்கர், ரெண்டு சிங்கிள் காயில்னு அர்த்தம். லீடுக்கு ஹம்பக்கர், ரிதத்துக்கு பிக்கப் மாத்தற சுவிட்ச நெக் பிக்கப்புக்கும் நடு பிக்கப்புக்கும் இடையில வைங்க, இப்ப வர்ற பலதுல அங்க இரைச்சலும் அடங்கிடும். 1954ல ஸ்ட்ராட் வந்தப்ப மூணு நிலை சுவிட்ச்தான், ஆளுங்க அத இடையில சொருகி நிறுத்தி அந்த சத்தத்த எடுத்தாங்க, கம்பெனி அஞ்சு நிலை போட்டது 1977லதான், எவ்வளவு சோம்பேறித்தனம் பாருங்க!

ஸ்ட்ராட் பிரிட்ஜ் மிதக்கும், ஒரு கம்பிய இழுத்தா மத்ததெல்லாம் சுருதி இறங்கும். பின்னாடி கவர கழட்டி ஸ்பிரிங்க அஞ்சாக்கி, உள்ள ரெண்டு ஸ்க்ரூவ இறுக்கி, பிரிட்ஜ் தட்டு மரத்துல படியற வரைக்கும் கொண்டு வந்துடுங்க, தம்பூரா சுருதியோட வாசிச்சாலும் நிக்கும். அப்புறம் நம்ம கடற்கரை காத்துல கம்பி சீக்கிரம் துரு புடிக்கும், வாசிச்சு முடிச்சதும் துணியால துடைங்க.

செகண்ட் ஹேண்ட்ல லெஸ் பால் கிடைச்சு ஆசைப்பட்டா, தலை பின்னாடி சாயுற இடத்துல நெக்க விளக்குல திருப்பிப் பாருங்க, கீழ விழுந்தா முதல்ல உடையறது அங்கதான், ஒட்டின கோடு இருந்தா விலைய நல்லா அடிச்சுப் பேசுங்க. அமெரிக்காவுலேர்ந்து யாராவது ஆம்ப் கொண்டுவந்து தர்றேன்னா வேண்டாம்னுடுங்க, அது 120 வோல்ட், நம்மது 230, சொருகின உடனே புகைதான்.