சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் ஏன் ஓய்ந்து போனது? சென்னைக்கு வெளியே ஒரு ஸ்டூடியோ நிலைக்கவே முடியாதா?

ஆட்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துப் படம் எடுத்த கம்பெனி அது. நடிகர்கள் கால்ஷீட்டுக்கு, அதாவது படத்துக்குப் படம் தேதி கொடுத்து நடிக்கும் முறைக்கு, மாறியதும் தடுமாறிவிட்டது. முதலாளி டி.ஆர். சுந்தரம் 1963இல் இறந்தது, மகன் காலத்துப் படங்கள், கடன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிலெல்லாம் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அடி அங்கே விழவில்லை என்பது என் எண்ணம்.

நான் கிளிநொச்சிப் பக்கம். கலியாண வீடியோ எடுப்பதும் எடிட் பண்ணுவதும் தொழில், இடைக்கிடை பெடியன்களோடு சேர்ந்து குறும்படம். இந்த பேனரை எனக்கு அறிமுகப்படுத்தியது பெரியப்பா. கரண்ட் இல்லாத காலத்தில் வன்னியில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, எண்ணெய்க் காசை எல்லாருமாகப் போட்டு விடிய விடியப் படம் போடுவார்கள் அல்லவா, அதில் ஒரு பழைய படமாவது இருக்கவேண்டும் என்று மனுசன் அடம்பிடிப்பார். "சுந்தரத்தின்ர படமெண்டால் சண்டை இருக்கும், ஆள்மாறாட்டம் இருக்கும், நித்திரை வராது" என்பார். நடிகர் யார் என்று கேட்கவே மாட்டார். கம்பெனிப் பெயரை நம்பிப் படம் பார்த்த தலைமுறை அது.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஊர் திரும்பியதும் மில் கட்டாமல் 1935இல் சேலத்தில், ஏற்காட்டு மலை அடிவாரத்தில் ஸ்டூடியோ கட்டினார். படங்கள் 1937இலிருந்து வரத் தொடங்கின. அடுத்த வருடமே 'பாலன்' வந்தது, மலையாளத்தின் முதல் பேசும் படம், அதை எடுத்தது சேலத்துக் கம்பெனி. 1940இல் 'உத்தம புத்திரன்', பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950இல் மட்டும் பாருங்கள்: கருணாநிதி வசனத்தில் 'மந்திரி குமாரி', பாரதிதாசன் கதையில் 'பொன்முடி', நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போடும் 'திகம்பர சாமியார்', மூன்றும் ஒரே வளவுக்குள்ளிருந்து. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம். நடுவில் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ஓர் ஆங்கிலப் படம் வேறு எடுத்தார்கள். மொத்தம் 100 படங்களுக்கு மேல்.

இவ்வளவு படம் எடுப்பது எப்படிச் சாத்தியமானது என்றால், எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். நடிகர், எழுத்தாளர், கமராக்காரர், தச்சர், தையல்காரர் வரை சம்பளப் பதிவேட்டில். ஒரு படம் முடிய அதே ஆட்கள் அடுத்த செட்டுக்குப் போய்விடுவார்கள், ஒரு நெசவு மில்லில் தறி நிற்காமல் ஓடுகிற மாதிரி. நேரத்துக்கு வராதவருக்கு அங்கே மரியாதை இல்லை. எவ்வளவு பெரிய நடிகர் பிந்தி வந்தாலும், அவர் மாதிரி உருவமுள்ள ஒருவரை முதுகு காட்டி நிற்க வைத்துக் காட்சியை முடித்துவிடுவார் என்று சுந்தரத்தைப் பற்றி ஒரு கதை உலாவும். அப்படியே நடந்ததோ தெரியாது, ஆனால் சேலத்தில் நடந்தது என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஆனால் ஐம்பதுகளில் நட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் நாலைந்து படங்களில் நடிக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொன்று. வடபழனியில் வாகினியும் ஏவிஎம்மும் நடந்துபோகிற தூரம். சேலம் 300 கிலோமீட்டருக்கு மேல். சம்பள ஆள் அங்கேயே குடியிருந்தபோது தூரம் ஒரு பொருட்டே இல்லை, கால்ஷீட் என்று வந்ததும் அந்தத் தூரமே செலவாகிவிட்டது. ஏவிஎம் முதலாளி மெய்யப்பச் செட்டியாரும் காரைக்குடியில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தவர்தான். 1948இல் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார், ஏவிஎம் பெயர் 2000க்குப் பிறகும் திரையில் வந்தது. கோயம்புத்தூரில் சென்ட்ரல், பட்சிராஜா, மதுரையில் சித்ரகலா என்று வேறு ஊர்களிலும் ஸ்டூடியோக்கள் இருந்தன. சிங்களத்தின் முதல் பேசும் படம் 1947இல் எடுக்கப்பட்டதே அந்த மதுரை ஸ்டூடியோவில்தான். ஒன்றும் மிஞ்சவில்லை.

சுந்தரத்துக்குப் பின் மகன் ராமசுந்தரம் பொறுப்பெடுத்தார். அவரைத் திட்டுகிறவர்கள் அதிகம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெரிய நட்சத்திரங்கள் சேலத்துக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஜெய்சங்கரை வைத்துச் சின்னச் செலவில் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். 'வல்லவன் ஒருவன்', 'சிஐடி சங்கர்' எல்லாம் அந்த வரிசை. கிட்டத்தட்ட இருபது வருடம் அப்படியே இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் எழுபதுகளின் கடைசியில் இயக்குநர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போய்விட்டார்கள். செட் போடும் தளத்துக்கே வேலை குறைந்தால் என்ன செய்வது? எண்பதுகளின் தொடக்கத்தோடு முடிந்தது. இப்போது ஏற்காட்டு வீதியில் நுழைவாயில் வளைவு நிற்கிறது, உள்ளே வீடுகள்.

சரி, இரண்டாவது கேள்வி. இன்றைக்குத் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. கிளிநொச்சியில் எடுத்ததை இரவே சென்னையில் இருக்கிற ஒலிக்கலவை செய்பவருக்கு அனுப்பலாம், நானே அனுப்பியிருக்கிறேன். கமரா வாடகைக்குக் கிடைக்கும், தளம் தேவையே இல்லை, குளக்கட்டும் வயலும் பற்றைக்காடும் சும்மா கிடக்கின்றன. எங்களிடம் இல்லாதது அந்தச் சம்பளப் பதிவேடு. நல்லா லைட் பண்ணத் தெரிந்த ஒரு பெடியன் இரண்டு குறும்படம் செய்வான், மூன்றாவதுக்குக் கூப்பிட்டால் கனடா போக அலுவல் பார்த்துக்கொண்டிருப்பான், அல்லது கொழும்பில் ஒரு கடையில் நிற்பான். அவனைக் குறை சொல்ல முடியுமா? மாதம் முடிய வீட்டுக்குக் காசு வேண்டும். ஆறு பேருக்கு இரண்டு வருடம் தொடர்ந்து சம்பளம் கொடுக்க ஒருவர் துணிந்தால் இங்கே வன்னியில் மாங்குளத்தில்கூட ஸ்டூடியோ நடத்தலாம். புலம்பெயர்ந்த அண்ணன்மார் ஒரு படத்துக்குக் காசு போடத் தயாராக இருக்கிறார்கள், அடுத்தடுத்து ஐந்து படத்துக்கு என்றால் போனை வைத்துவிடுகிறார்கள்.

மொடேர்ன் தியேட்டர்ஸ் படம் ஒன்றும் பார்த்ததில்லை என்றால் 'திகம்பர சாமியார்' பாருங்கள். யூடியூபில் தேடினால் கிடைக்கும், சத்தம் இரைச்சலாக இருக்கும், ஹெட்போன் போடாதீர்கள்.